கிஸ்ட்: ஒரு பேரத்தில் பிறந்த ஆய்வகம்

1965 மே மாதம் தென்கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீ வாஷிங்டன் போனபோது, அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு அவரிடம் கேட்க முக்கியமாக ஒரு விஷயம் இருந்தது. வியட்நாமுக்கு ஆள் வேண்டும். அதற்கு முன்பே கொரியா ஒரு மருத்துவப் பிரிவையும் சில டேக்வாண்டோ பயிற்சியாளர்களையும், பிறகு சாலை போடவும் பாலம் கட்டவும் ஏறக்குறைய இரண்டாயிரம் பேரையும் அனுப்பியிருந்தது. ஜான்சனுக்கு அது போதவில்லை. துப்பாக்கி தூக்கிச் சண்டைபோட முழு டிவிஷன் ஒன்று வேண்டும் என்றார். அந்த ஆண்டு அக்டோபரில் முதல் டிவிஷன் போய் இறங்கியது. போர் முடிவதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கொரியச் சிப்பாய்கள் வியட்நாம் போனார்கள். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அங்கேயே மடிந்தார்கள்.

அந்தச் சந்திப்பின் முடிவில் வெளியான கூட்டறிக்கையில் கடன், ராணுவ உதவி என்ற வழக்கமான பத்திகளுக்கு நடுவே ஒரு விநோதமான வாக்கியம் இருந்தது. கொரியாவில் தொழில்நுட்பத்துக்கும் பயன்பாட்டு அறிவியலுக்கும் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்க முடியுமா என்று பார்த்துவர, ஜான்சன் தன் அறிவியல் ஆலோசகரை அங்கே அனுப்புவார். ராணுவப் பேரத்துக்குள் ஆய்வகம் எங்கிருந்து வந்தது? கேட்டவர் பார்க் இல்லை. யோசனை அந்த ஆலோசகருடையது. அவர் பெயர் டொனால்ட் ஹார்னிக்.

ஹார்னிக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1945 ஜூலையில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டு நூறடி உயரக் கோபுரத்தின் உச்சியில் வெடிப்புக்காகக் காத்திருந்தபோது, இடியும் மின்னலுமாக அடித்த அந்த முன்னிரவில் குண்டுக்குப் பக்கத்தில் தனியாகக் காவல் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். கையில் ஒரு நகைச்சுவைப் புத்தகம். அப்போது அவருக்கு வயது 25. பிறகு பிரின்ஸ்டனில் வேதியியல் பேராசிரியர். 1964 முதல் வெள்ளை மாளிகையில். தன் துறையில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எங்கும் ஆசிய மாணவர்கள் வருவதையும், பட்டம் வாங்கிய பிறகு அங்கேயே தங்கிவிடுவதையும் கண்ணெதிரே பார்த்தவர். வருகிற அதிபருக்கு உருப்படியாக என்ன கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, அந்தப் பையன்கள் திரும்பிப் போக ஓர் இடம் கட்டிக்கொடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. மனதில் இருந்த மாதிரி, தொலைபேசிக் கம்பெனியின் பெல் ஆய்வகம்.

கொரியாவின் அன்றைய நிலவரம் இது: தனிநபர் வருமானம் ஆண்டுக்கு நூறு டாலரைச் சுற்றி. கொரியப் போர் முடிந்து பன்னிரண்டு வருஷம். வீட்டில் ஒரு மாட்டை விற்றாவது பிள்ளையைப் படிக்கவைக்கும் நாடு அது. அதனால் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை, படித்ததற்கேற்ற வேலைக்குத்தான் பஞ்சம். அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போன அறிவியல் மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் திரும்பவில்லை என்று அறுபதுகளின் கணக்குகள் சொல்கின்றன. அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. உலோகவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன் சியோலுக்குத் திரும்பி என்ன செய்வான்? உருக்காலை இல்லை. பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தால் கரும்பலகையும் சாக்பீசும் கிடைக்கும், சோதனைக் கருவி கிடைக்காது.

இதே அரசுதான் அதே ஆண்டுகளில் இளைஞர்களை வேண்டி விரும்பி வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தது. 1962-இல் குடிபெயர்வுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. 1963 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு முதல் அணி விமானம் ஏறியது. பின்னால் செவிலியர் ஆயிரக்கணக்கில் போனார்கள். சுரங்க வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் கல்லூரி படித்தவர்கள் நிறையப் பேர். நிலத்துக்கு அடியில் இறங்கி நிலக்கரி வெட்டும் வேலைக்குப் பட்டதாரிகள் வரிசையில் நின்றார்கள். 1964 டிசம்பரில் பார்க் ஜெர்மனிக்குப் போய் ஹம்போர்ன் சுரங்கத்தில் இவர்களைச் சந்தித்தார். பேச்சு பாதியில் நின்றது; அதிபர், அவர் மனைவி, தொழிலாளர்கள், செவிலியர் எல்லோரும் அழுதார்கள் என்பது இன்றும் கொரியாவில் குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கதை. ஆக, "படித்த இளைஞர் வெளியே போவது" என்ற ஒரே விஷயத்தில் அரசின் கொள்கை இரண்டாக இருந்தது. கையால் உழைப்பவன் போகட்டும், அவன் அனுப்பும் மார்க் நமக்கு வேண்டும். ஆராய்ச்சியாளன் வரட்டும், அவன் மூளை நமக்கு வேண்டும். இதைக் கேட்கச் சற்றுக் கொடூரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அரசு என்ன நினைத்தது என்பதை மறைக்காமல் காட்டுகிறது.

அதே ஜெர்மனிப் பயணத்தில், கண்ணீர்க் கதை அளவுக்குப் பேசப்படாத இன்னொன்றும் நடந்தது. மியூனிக்கில் கொரிய மாணவர்களைச் சந்தித்தபோது, அங்கே டாக்டர் பட்டம் முடித்து ஓர் உருக்கு இயந்திரக் கம்பெனியில் வேலைபார்த்துவந்த கிம் ஜே-க்வான் என்ற பொறியாளர் அதிபர் கையில் ஒரு திட்ட அறிக்கையைக் கொடுத்தார். கொரியாவில் எஃகுத் தொழிலை வளர்ப்பது எப்படி என்று யாரும் கேட்காமல் அவராகவே எழுதியது. பார்க் அதை வாங்கி வைத்துக்கொண்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

1965 ஜூலையில் ஹார்னிக் குழு சியோலில் இறங்கியது. பெல் ஆய்வகத் தலைவர் ஜேம்ஸ் ஃபிஸ்க் வந்திருந்தார். ஹார்னிக்கின் மனைவி லில்லியும் குழு உறுப்பினர். அவரும் அணுகுண்டுத் திட்டத்தில் வேலைசெய்த வேதியியலர்தான். கூடவே ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரத்தின் பட்டெல் நினைவு நிறுவனத்தின் தலைவரும் வந்தார். கடைசியில் முக்கியமாகிப்போனவர் அவர்தான்.

பட்டெலை நம்மில் பலருக்குத் தெரியாது. அது பெற்றெடுத்த பிள்ளையைத் தெரியாதவர் இல்லை. செஸ்டர் கார்ல்சன் என்ற காப்புரிமை வக்கீல் கண்டுபிடித்த நகலெடுக்கும் முறையை இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் வேண்டாம் என்று திருப்பியனுப்பிய பிறகு, அதை எடுத்து உருப்படியாக்கிய ஆய்வகம் பட்டெல். தாலுகா ஆபீஸ் வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கெல்லாம் மூலம் கொலம்பஸ். அங்கே ஆராய்ச்சி என்பது ஒப்பந்த வேலை. ஒரு கம்பெனி தன் சிக்கலைக் கொண்டுவரும், இவ்வளவு செலவாகும், இத்தனை மாதமாகும் என்று ஆய்வகம் சொல்லும், கையெழுத்தாகும். பல்கலைக்கழகம் மாதிரியும் இல்லை, அரசுத் துறை மாதிரியும் இல்லை. புதிய ஆய்வகத்தை இந்த அச்சில் வார்ப்பது என்று முடிவானது. 1966 பிப்ரவரியில் கொரிய அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் சட்டப்படி பிறந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் அதை கிஸ்ட் என்றார்கள்.

பெயரும் பணமும் தயார். ஆள்? தலைவராக வந்தவர் சோய் ஹ்யுங்-சப். 1920-இல் பிறந்தவர், ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்தில் சுரங்கவியலும் உலோகவியலும் படித்தவர், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வாங்கிய கையோடு ஊர் திரும்பிய சிலரில் ஒருவர் என்பதால், திரும்புவது எப்படியிருக்கும் என்று அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிஸ்டுக்கு முன் அரசின் அணுசக்தி ஆய்வகத்துக்குத் தலைவராக இருந்தார். பேனா வாங்கக்கூட மேலிடத்து அனுமதிக்குக் கோப்பு நகரும் அரசு ஊழியர் விதிகளுக்குள் ஆராய்ச்சி எப்படி மூச்சுத்திணறும் என்பதை உள்ளே இருந்து பார்த்தவர்.

அதனால்தான் அவர் முதல் சண்டையைச் சம்பளத்துக்கோ கட்டடத்துக்கோ போடவில்லை, தணிக்கைக்குப் போட்டார். கிஸ்டுக்கான சட்டம் 1966 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வந்தபோது, ஆண்டுத் திட்டத்துக்கு அரசின் ஒப்புதல் வேண்டும், கணக்கை அரசு தணிக்கை செய்யும் என்ற விதிகள் உள்ளே நுழைந்துவிட்டன. பணம் கொடுப்பவன் கணக்குக் கேட்பது நியாயம்தானே என்று நமக்கும் தோன்றும். சோய் ஒத்துக்கொள்ளவில்லை. ஆராய்ச்சிக்கு வாங்கிய கருவி ஏன் இன்னும் பயன்படவில்லை, போன சோதனை ஏன் தோற்றது என்று ஒரு தணிக்கை எழுத்தர் வந்து கேட்கத் தொடங்கினால், அப்புறம் தோற்காத சோதனைகளை மட்டுமே ஆட்கள் செய்வார்கள் என்பது அவர் கட்சி. அதிபரிடம் நேரே போய்ப் பேசி, அடுத்த ஆண்டு அந்த விதிகளைத் திருத்தவைத்தார். அரசுப் பணம், ஆனால் அரசுக் கை உள்ளே வராது. கிஸ்டின் வரலாற்றில் எனக்கு மிகவும் ஆச்சரியமான இடம் இதுதான். நாட்டில் பேச்சுரிமையையே பொறுக்காத ஒரு ராணுவ ஆட்சி, ஓர் ஆய்வகத்துக்கு மட்டும் இந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது.

இடத்துக்கும் ஒரு கதை உண்டு. சியோலின் கிழக்கே ஹோங்னுங் என்ற மரங்கள் அடர்ந்த பகுதி. ஜப்பானியர் கையாட்களால் அரண்மனைக்குள் கொல்லப்பட்ட அரசி மியோங்சோங்கை முதலில் அடக்கம் செய்த இடம். 1919-இல் சமாதியை வேறிடத்துக்கு மாற்றினார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. அங்கே வனத்துறையின் சோதனைத் தோட்டம் இருந்தது. பத்துப் பதினைந்து வருஷம் வளர்த்த மரங்களை வெட்டக் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. பார்க் தலையிட்ட பிறகு நிலம் கிடைத்தது. 1966 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள், 1969-இல் கட்டி முடித்தார்கள்.

கட்டடம் எழும்புவதற்குள் ஆட்களைத் தேடும் வேலை தொடங்கிவிட்டது. பட்டெலின் துணையோடு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த கொரிய விஞ்ஞானிகளின் பட்டியல் தயாரானது. நூற்றுக்கணக்கானோருக்குக் கடிதம் போனது. பதில் வந்தவர்களை சோய் தானே ஊர் ஊராகப் போய்ச் சந்தித்தார். இந்த நேர்காணல்களைப் பற்றி அவர் பின்னாளில் சொன்னது சுவாரசியமானது. தாய்நாடு அழைக்கிறது என்று உருகவில்லை. நோபல் பரிசு ஆசை உள்ளவர்கள் தயவுசெய்து வரவேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டாராம். ஆய்விதழில் கட்டுரை எழுத வேண்டுமென்றால் அமெரிக்காவிலேயே இருங்கள். இங்கே ஒரு சிமென்ட் ஆலை முதலாளியோ நூற்பாலை முதலாளியோ கொண்டுவரும் சிக்கலைத் தீர்ப்பதுதான் வேலை, அதற்குத் தயாரென்றால் வாருங்கள். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் முதல் சுற்றில் தேறியவர்கள் பதினெட்டுப் பேர். அதில் ஒருவர் மியூனிக்கில் திட்ட அறிக்கை கொடுத்த கிம் ஜே-க்வான்.

பதினெட்டு என்ற எண்ணைப் பார்த்துச் சிரிப்பு வரலாம். ஆயிரக்கணக்கானோர் வெளியே இருக்க, அதிபர்கள் இருவர் பேசி, சட்டம் போட்டு, காடு வெட்டி, பதினெட்டுப் பேரா? அந்த எண்ணிக்கையை சோய் வேண்டுமென்றே சிறிதாக வைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. முதல் பதினெட்டுப் பேர் வந்து நன்றாக இருந்தால், அவர்கள் எழுதும் கடிதம் மீதிப் பேரைக் கூப்பிடும். அவர்கள் மனம் கசந்து திரும்பிப் போனால், எத்தனை அமைச்சர்கள் போய்க் கெஞ்சினாலும் ஒருவரும் வரமாட்டார்கள்.

அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? குடும்பத்தோடு வர விமானச் செலவு, சாமான் கொண்டுவர செலவு, ஆய்வக வளாகத்துக்குள்ளேயே வீடு, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, சில வருஷம் வேலைபார்த்தால் வெளிநாட்டுக்குப் போய்வர விடுப்பு, அன்றைய கொரியாவில் எங்கும் இல்லாத மருத்துவக் காப்பீடு. சம்பளம் அமெரிக்காவில் வாங்கியதில் ஏறக்குறைய கால் பங்கு. கால் பங்கு என்றாலும் சியோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியரின் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு.

இங்கேதான் புகைச்சல் கிளம்பியது. வெளிநாட்டுக்கே போகாமல், போர்க்காலத்தில் கூடாரத்தில் வகுப்பெடுத்து மாணவர்களை உருவாக்கிய பேராசிரியர்கள் கொதித்துப்போனார்கள். ஓடிப்போனவனுக்கு விருந்து, ஊரிலேயே இருந்தவனுக்குப் பழைய சோறா? அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று எந்தக் கொரியரும் இன்றுவரை நிரூபித்ததில்லை. திரும்பி வருவோருக்குச் சலுகை என்று எந்த நாடு எந்தத் திட்டம் போட்டாலும் போகாமல் இருந்தவர்கள் வயிறு எரியத்தான் செய்யும். விவகாரம் அதிபர் வரை போனது. பார்க், சோயைக் கூப்பிட்டுச் சம்பளப் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, இதில் என்னைவிட அதிகம் வாங்குபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே என்றாராம். வேண்டுமானால் என் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் சம்பளத்தில் கைவைக்காதீர்கள் என்றார் சோய். அதிபர் பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இந்தச் சம்பவத்தைச் சொன்னவர் சோய்தான் என்பதால், அதன் ஓரங்கள் கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். பட்டியல் மாறவில்லை என்பது உறுதி.

வந்தவர்கள் முதலில் கொலம்பஸ் போய் பட்டெலில் ஒப்பந்த ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று பழகினார்கள். சியோலுக்கு வந்தபோது ஆய்வகம் இல்லை, செங்கல்தான் இருந்தது. சோய் அவர்களைச் சும்மா உட்காரவிடவில்லை. போய்த் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள், அங்கே என்ன கெட்டுக் கிடக்கிறது, என்ன தெரியாமல் தவிக்கிறார்கள் என்று எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார். உலகத் தரம் வாய்ந்த ஆய்விதழ்களில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பட்டறைகளில் ஏறி இறங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆராய்ச்சிக்குக் காசு கொடுப்பது என்பதே அன்றைய கொரிய முதலாளிக்குப் புரியவில்லை. இயந்திரம் வேண்டுமென்றால் ஜப்பானில் வாங்கலாம், அதோடு ஆளும் வந்து பூட்டிக்கொடுப்பான். இந்தப் படித்த ஆட்களுக்கு எதற்குப் பணம்? ஆரம்பத்தில் ஒப்பந்தங்களில் பெரும்பங்கு அரசிடமிருந்தே வந்தது என்பதில் ஆச்சரியமில்லை.

அரசு கொடுத்த வேலைகளில் ஒன்று நாட்டையே மாற்றியது. உருக்காலைக்கு வெளிநாட்டுக் கடன் கேட்டுப் பார்க்கின் அரசு அலைந்துகொண்டிருந்த காலம். கொரியாவுக்கு இது தேவையில்லை, கட்டுப்படியாகாது என்று உலக வங்கி சொன்னது. மேற்கத்தியக் கம்பெனிகளின் கூட்டமைப்பும் 1969-இல் கைவிரித்தது. அப்போது திட்டத்தை மறுபடி முதலிலிருந்து எழுதியவர்களில் கிஸ்டின் கிம் ஜே-க்வான் ஒருவர். மியூனிக்கில் எழுதிக் கொடுத்த ஆளுக்கே, அதைச் செய்து காட்டும் வேலை வந்தது. காலனியாட்சிக்கு ஈடாக ஜப்பான் கொடுத்த தொகையிலிருந்து பணம் எடுத்து, 1973-இல் போஹாங்கில் ஆண்டுக்கு 10.3 லட்சம் டன் கொள்ளளவோடு ஆலை எழுந்தது. இருங்காட்டுக்கோட்டையில் இன்று கார் செய்யும் ஹூண்டாயின் கதைக்கும், உலகமெங்கும் கப்பல் விற்கும் கொரியாவின் கதைக்கும் அடியில் கிடப்பது அந்த எஃகு. இன்னொரு பக்கம், ஹார்வர்டில் பட்டம் பெற்ற சுங் கி-சூ கிஸ்டில் கணினி மையம் தொடங்கி, சி.டி.சி. 3300 என்ற பெரிய கணினியை 1969-இல் கொண்டுவந்தார். நாட்டின் பட்ஜெட் கணக்கும் தொலைபேசி பில்லும் அதில் ஓடின. ஃப்ரியான் வாயு, காசநோய் மாத்திரை, பாலியெஸ்டர் ஃபிலிம் என்று வேறு பலவும் உண்டு. நீளமான பட்டியலை விட்டுவிடுகிறேன்.

இதே பிரச்சினைக்கு வேறு நாடுகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியா கொரியாவுக்கு முந்திக்கொண்டது. 1958-இலேயே நம் அறிவியல் தொழிலக ஆய்வுக் குழு வெளிநாட்டிலிருந்து திரும்பும் விஞ்ஞானிகளுக்கென்று 'பூல்' ஒன்றை அமைத்தது. நிலையான வேலை கிடைக்கும்வரை மாதாமாதம் உதவித்தொகையும், ஏதாவதொரு ஆய்வகத்திலோ பல்கலைக்கழகத்திலோ உட்கார ஓர் இடமும் தரும். நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் அது காத்திருப்பு அறை. வண்டி எப்போது வரும் என்பது அறையின் பொறுப்பு இல்லை. சோவியத் யூனியன் எதிர்த் திசையில் போனது. நாட்டைவிட்டுப் போக விரும்பும் பட்டதாரி, தன் படிப்புக்கு அரசு செலவிட்டதைத் திருப்பிக் கட்டிவிட்டுப் போகட்டும் என்று 1972 ஆகஸ்ட்டில் வரி போட்டது. குறி பெரும்பாலும் யூதர்கள்மேல். உலகமே எதிர்த்ததில் சில மாதங்களில் அந்த வசூல் நின்றது. அதற்குப் பதிலடியாக அமெரிக்கா கொண்டுவந்த வர்த்தகத் தடை மட்டும் பல்லாண்டு நீடித்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி, வெளியேறியவர்களின் வருமானத்தில் சிறு பங்கை வரியாகப் பிடித்து ஏழை நாடுகளுக்குக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னார். கருத்தரங்குகளில் நன்றாக ஓடிய யோசனை. வசூலிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. இவற்றோடு ஒப்பிட்டால் கிஸ்டின் தனித்தன்மை தெரியும். வெளியேறுபவனைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. தடுக்கவில்லை, அபராதம் போடவில்லை, துரோகி என்று திட்டவில்லை. அவன் படித்த படிப்புக்கு ஊரில் வேலை ஒன்றை முதலில் உண்டாக்கிவிட்டு, பிறகு கடிதம் எழுதியது.

ஆனால் ஒவ்வொருவராகத் திரும்ப அழைப்பது செலவுபிடிக்கும் காரியம். வெளியே போவதையே குறைக்க முடியுமா? இந்தக் கேள்வியிலிருந்து கிஸ்டுக்கு ஒரு தம்பி பிறந்தது. அமெரிக்காவில் இருந்த இளம் இயற்பியலர் சுங் குன்-மோ, கொரியாவில் உயர்தர முதுநிலைப் பட்டப் பள்ளி ஒன்று வேண்டுமென்று ஒரு திட்டம் எழுதினார். அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவர் ஜான் ஹன்னா, அதற்கு முன் சுங் படித்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். திட்டம் அவர் மேசைக்குப் போனது. ஸ்டான்ஃபோர்டை ஆளாக்கிய ஃப்ரெடெரிக் டெர்மன் 1970-இல் குழுவோடு வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார். 1971-இல் அந்தப் பள்ளி கிஸ்டுக்குப் பக்கத்திலேயே பிறந்தது. இன்றைய கைஸ்ட் அதுதான். அதையும் கல்வி அமைச்சகத்தின் கையில் கொடுக்காமல் அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வைத்தார்கள். கட்டணம் இல்லை, தங்குமிடம் உண்டு. இவற்றைவிடப் பெரிய சலுகை வேறொன்று: ராணுவச் சேவையிலிருந்து விலக்கு. ஏறத்தாழ மூன்று வருஷம் பட்டாளத்தில் கழிக்கவேண்டியிருந்த ஒரு கொரிய இளைஞனுக்கு இதைவிட இனிப்பான வாக்குறுதி கிடையாது. வியட்நாம் போர் இன்னும் முடிந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்து யோசித்தால், அந்த விலக்கின் எடை தெரியும்.

பெருமைகளை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் கணக்கு சரியாகாது. கிஸ்டின் சுதந்திரம் சட்டத்தில் இருந்ததைவிட ஒரே மனிதரின் தயவில் இருந்தது. 1972-இல் தன்னைத் தானே ஆயுள் அதிபராக்கிக்கொள்ளும் வகையில் அரசியலமைப்பை மாற்றிய அந்த மனிதர், 1979 அக்டோபரில் தன் உளவுத்துறைத் தலைவர் கையாலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்து வந்த ராணுவ ஆட்சி 1981 ஜனவரியில் கிஸ்டையும் பக்கத்துப் பள்ளியையும் ஒரே பேனா வீச்சில் ஒன்றாக்கியது. பெயரே போய்விட்டது. ஒப்பந்த வேலை பார்க்கும் ஆய்வகமும் பாடம் நடத்தும் பள்ளியும் ஒரே கூரைக்குக் கீழ் ஒத்துப்போகவில்லை. 1989-இல் மறுபடி பிரித்துத்தான் கிஸ்டுக்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்தது.

இன்னொன்று, விஞ்ஞானிகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பியது எழுபதுகளில் இல்லை, எண்பதுகளில். அவர்களை இழுத்ததில் கிஸ்டைவிடக் கம்பெனிகளுக்குப் பங்கு அதிகம். மோட்டரோலாவில் இருந்த காங் கி-டோங் 1974-இல் புசோனில் தொடங்கிய சிறிய குறைகடத்தி ஆலை பணமில்லாமல் தடுமாறியபோது, அதை வாங்கிப்போட்டது சாம்சங். பத்தாண்டு கழித்து நினைவகச் சில்லுகளில் இறங்கிய அதே சாம்சங், ஐ.பி.எம்.மிலும் ஸ்டான்ஃபோர்டிலும் இருந்த கொரியர்களைத் தேடித்தேடி அழைத்தது. அப்போது எந்த அதிபரும் தலையிட வேண்டியிருக்கவில்லை. கிஸ்ட் செய்தது, திரும்பி வந்தாலும் ஒருவன் கெட்டுப்போகமாட்டான் என்பதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டியது. முதல் பதினெட்டுப் பேர் இல்லாவிட்டால் பின்னால் வந்தவர்கள் வந்திருப்பார்களா என்றால், வந்திருப்பார்கள், சற்றுத் தாமதமாக என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தாமதத்தில் போஹாங் ஆலை என்னவாகியிருக்கும் என்பது வேறு கேள்வி.

இன்றைக்குக் கொரியச் செய்தித்தாள்களைத் திறந்தால் பழைய புலம்பல் புதிய உருவில் இருக்கிறது. கெட்டிக்கார மாணவர்கள் அறிவியலை விட்டுவிட்டு மருத்துவக் கல்லூரிக்கு ஓடுகிறார்கள். சில்லுப் பொறியாளர்களைச் சீனக் கம்பெனிகள் கொத்திக்கொண்டு போகின்றன. போதாக்குறைக்கு 2024 பட்ஜெட்டில் அரசே ஆராய்ச்சி நிதியை 15 சதவீதம் போல வெட்டியது. இளம் ஆய்வாளர்கள் வேலை பறிபோகும் பயத்தில் மறுபடி அமெரிக்காவைப் பார்த்தார்கள். கூச்சல் எழுந்த பிறகு அடுத்த ஆண்டே நிதியைக் கூட்டினார்கள். ஒரு சம்பளப் பட்டியலில் கைவைக்காமல் விட்டதால் ஆள் வந்த நாட்டில், அரை நூற்றாண்டு கழித்து இப்படி.

வியட்நாம் பக்கம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஹனோய்க்கு வெளியே ஹோவா லாக் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் கொரிய அரசின் உதவியோடு ஓர் ஆய்வகம் கட்டியிருக்கிறார்கள். பெயர் வி-கிஸ்ட். கேட்டது வியட்நாம் அரசு, அச்சு ஹோங்னுங்கிலிருந்து வந்தது, முதல் தலைவராகப் போனவர் கிஸ்டின் முன்னாள் தலைவர் கும் டோங்-ஹ்வா. வெளிநாட்டில் படிக்கும் வியட்நாமிய இளைஞர்கள் திரும்ப ஓர் இடம் வேண்டும் என்பதும், உள்ளூர்த் தொழிற்சாலைகளின் சிக்கல்களை அங்கே கொண்டுவர வேண்டும் என்பதும்தான் நோக்கம். இந்த முறை கட்டடம் கட்டிக் கொடுத்தவர்கள் ஈடாகப் பட்டாளம் எதுவும் கேட்கவில்லை.